மார்ச் மாதத் தாளை நிரப்புவது எப்படி? அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துக் கணிப்புக்கும் ஃபுட்பால் பேச்சுக்கும் ஒரு முழு வழிகாட்டி

நார்த் கரோலினாவுக்கு வேலைக்கு வந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. 2018 மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை காலை என் மேசையில் யாரோ ஒரு தாளை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். இரண்டு பக்கமும் கிளை விட்ட மாதிரி கோடுகள், ஓரங்களில் 64 கல்லூரிப் பெயர்கள். கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டியில் ஒவ்வொரு ஆட்டத்தையும் யார் ஜெயிப்பார்கள் என்று எழுதிக் கொடுக்க வேண்டிய தாள். "வியாழன் மதியத்துக்குள்ள நிரப்பிக் குடுத்துடுப்பா" என்றார் பக்கத்து இருக்கை மதுரைக்கார அண்ணன். எனக்குத் தெரிந்த கூடைப்பந்து எல்லாம், பள்ளி மைதானத்தில் வலை இல்லாமல் தொங்கிய இரும்பு வளையத்தோடு சரி. தாளில் எல்லோருக்கும் மேலே இருந்த வர்ஜீனியாவை அப்படியே கோப்பை வரைக்கும் இழுத்துவிட்டுக் கொடுத்துவிட்டேன்.

வெள்ளி இரவே கதை முடிந்தது. யூ.எம்.பி.சி. என்று நான் கேள்விப்பட்டே இராத கல்லூரி ஒன்று 74-54 என்று வர்ஜீனியாவை வீட்டுக்கு அனுப்பியது. பால்டிமோர் பக்கத்துக் கல்லூரி, அதுவரை செஸ் அணிக்காகத்தான் பேர் போனது. ஆண்கள் போட்டியில் முதல் சீடு (சீடு என்றால் பலத்தின்படி தரும் வரிசை எண்) அணி ஒன்று 16ஆம் சீடு அணியிடம் தோற்றது அதுதான் முதல் தடவை. ஆட்டம் நடந்ததோ எங்கள் மாநிலத்து ஷார்லட் நகரில். திங்கட்கிழமை அலுவலகத்தில் என்னைத் துக்கம் விசாரிக்காத ஆள் இல்லை.

அதற்கப்புறம் ஒவ்வொரு மார்ச்சிலும் நிரப்புகிறேன். இரண்டு முறை ஜெயித்தும் இருக்கிறேன். இந்த ஊர்களுக்குப் புதிதாகப் படிக்கவோ வேலைக்கோ வரும் தம்பி தங்கைகள், சாப்பாட்டு மேசையில் நடக்கும் பேச்சு புரியாமல் தயிர் சாதத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறேன். அவர்களுக்காக இதை எழுதுகிறேன். மார்ச்சில் கூடைப்பந்து, அது முடிந்த மறுநாளே அமெரிக்க ஃபுட்பால் என்றுதான் பேச்சு போகும். அதே வரிசையில் போவோம்.

படி 1: தாளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இது அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளின் அமைப்பான என்.சி.ஏ.ஏ. நடத்தும் போட்டி. 1939இல் 8 அணிகளோடு தொடங்கியது, 1985இல் 64 ஆனது, 2011இல் 68 ஆனது. தோற்றால் வெளியே, அவ்வளவுதான். லீக் சுற்று கிடையாது, இரண்டாவது வாய்ப்பும் கிடையாது.

மார்ச் நடுவில் வரும் ஒரு ஞாயிறு மாலை அணிகளை அறிவிப்பார்கள். அதற்கு 'செலக்ஷன் சண்டே' என்று பெயர். தங்கள் கான்ஃபரன்ஸ் (சில கல்லூரிகள் சேர்ந்த லீக்) கோப்பையை வென்ற அணிகள் தானாக உள்ளே வந்துவிடும். மீதி இடங்களை 12 பேர் கொண்ட குழு உட்கார்ந்து பேசி நிரப்பும். உள்ளேயா வெளியேயா என்று ஊசலாடும் அணிகளை 'பப்பிள்' என்பார்கள். அந்த ஞாயிறு மாலை பப்பிள் அணியின் ரசிகர் யாருக்காவது போன் செய்தால் எடுக்க மாட்டார்.

நான்கு பிரிவுகள், ஒவ்வொன்றிலும் 1 முதல் 16 வரை சீடு எண். 1 மோதுவது 16உடன், 2 மோதுவது 15உடன், 5 மோதுவது 12உடன். செவ்வாயும் புதனும் ஓஹாயோவின் டேட்டனில் நடக்கும் நான்கு முன்சுற்று ஆட்டங்களைப் பெரும்பாலான தாள்கள் கணக்கில் எடுப்பதில்லை. வியாழன் மதியம் 12 மணி வாக்கில் உண்மையான திருவிழா தொடங்கும். இரண்டே நாளில் 32 ஆட்டங்கள். அலுவலகத்தில் அந்த இரண்டு நாளும் நடக்கும் வேலையைப் பற்றி நான் எழுதாமல் இருப்பதே நல்லது.

மிஞ்சும் 16 அணிகளுக்கு 'ஸ்வீட் சிக்ஸ்டீன்', 8க்கு 'எலீட் எய்ட்', கடைசி நான்குக்கு 'ஃபைனல் ஃபோர்'. இந்த மூன்று பெயரும் தெரிந்தால் பாதிப் பேச்சு புரிந்துவிடும்.

படி 2: முழுத் தாளும் சரியாக வரும் என்ற ஆசையை விடுங்கள்

63 ஆட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு விடை. மொத்தம் எத்தனை விதமாக நிரப்பலாம்? நமக்குத் தெரிந்த சதுரங்கப் பலகைக் கதைதான். முதல் கட்டத்தில் ஒரு நெல்மணி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று கேட்டு ராஜாவை ஓட்டாண்டி ஆக்கிய கதை. அந்தப் பலகையின் 64ஆம் கட்டத்தில் மட்டும் எத்தனை மணி விழுமோ, சரியாக அத்தனை விதமாக இந்தத் தாளை நிரப்பலாம். 92 ஆயிரம் கோடி கோடிக்கும் மேல்.

விஷயம் தெரிந்தவர் நிரப்பினால் வாய்ப்பு எவ்வளவோ கூடும் என்பது உண்மை. இருந்தாலும் முழுசாகச் சரியான தாளை இதுவரை யாரும் காட்டியதில்லை. 2019இல் ஓஹாயோக்காரர் ஒருவர் முதல் 49 ஆட்டங்களைச் சரியாகச் சொல்லிவிட்டு 50ஆவதில் விழுந்தார். பெரிய செய்தியானது அது. 2014இல் முழுத் தாள் சரியாக இருந்தால் நூறு கோடி டாலர் என்று வாரன் பஃபெட் பின்னணியில் நிற்க ஒரு போட்டியே வைத்தார்கள். அவர் பணத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆகவே தப்பு நிச்சயம். எந்தக் கட்டத்தில் தப்பு செய்தால் குறைவாக அடிபடும் என்று பார்த்து நிரப்புவதுதான் இந்த விளையாட்டு. கீழே வரும் படிகள் எல்லாம் இதற்குள் அடக்கம்.

படி 3: அணிகளைப் பார்க்கும் முன் மதிப்பெண் முறையைப் பாருங்கள்

புதிதாக வருபவர்கள் யாருமே இதைச் செய்வதில்லை. நானும் செய்யவில்லை.

வழக்கமான அலுவலகப் பூலில் (தாள் கொடுத்தவர்கள் எல்லோரும் சேர்ந்த போட்டியில்) முதல் சுற்றில் சரியான விடைக்கு 1 புள்ளி, அப்புறம் 2, 4, 8, 16. இறுதி ஆட்டத்துக்கு 32. இ.எஸ்.பி.என். தளத்தில் இதையே பத்தால் பெருக்கி 10 முதல் 320 வரை தருகிறார்கள். கணக்கு ஒன்றுதான். ஒவ்வொரு சுற்றும் மொத்தம் 32 புள்ளி, ஆறு சுற்றுக்கு 192.

இப்போது ஒரு தாளும் பேனாவும் எடுங்கள். சாம்பியனைச் சரியாகச் சொல்லிவிட்டால், அந்த ஒரே அணி ஆறு ஆட்டம் ஜெயித்து உங்களுக்குத் தருவது 1+2+4+8+16+32. கூட்டினால் 63. மொத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஒரே அணியிடம் இருக்கிறது. மறுபக்கம், யாருமே நினைக்காத 13ஆம் சீடு அணி ஜெயிக்கும் என்று நீங்கள் ராத்திரி பூராவும் ஆராய்ந்து கண்டுபிடித்துச் சொன்னால் கிடைப்பது 1 புள்ளி. முதுகில் ஒரு தட்டு கிடைக்கும், அது இலவசம்.

சில பூல்களில் சீடு எண்ணையே கூடுதல் புள்ளியாகத் தருவார்கள். அதாவது 12ஆம் சீடு ஜெயித்தால் 12 புள்ளி. அங்கே கணக்கு தலைகீழ், சின்ன அணிகளைத் தாராளமாக எடுக்கலாம். அதனால்தான் முதலில் விதியைப் படிக்கச் சொல்கிறேன்.

படி 4: நடுவிலிருந்து, அதாவது கோப்பையிலிருந்து நிரப்புங்கள்

சாம்பியன் பெயரை நடுவில் முதலில் எழுதுங்கள். அப்புறம் இறுதி ஆட்டத்தில் எதிரணி, அப்புறம் ஃபைனல் ஃபோர், அப்படியே ஓரத்துக்கு வாருங்கள். முதல் சுற்றைக் கடைசியில் நிரப்புங்கள்.

1985 முதல் 2025 வரை 40 போட்டிகள் நடந்தன (2020இல் கொரோனாவால் இல்லை). அதில் 26 முறை முதல் சீடு அணிதான் கோப்பை வாங்கியது. முதல் நான்கு சீடுக்கு வெளியே இருந்து வென்றவர்கள் மூன்றே பேர்: 1985இல் 8ஆம் சீடு வில்லனோவா, 1988இல் 6ஆம் சீடு கேன்சஸ், 2014இல் 7ஆம் சீடு யூகான். 5ஆம் சீடு அணி ஒன்றுகூட வென்றதில்லை. சாம்பியன் கட்டத்தில் சாகசம் வேண்டாம் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி தேவையில்லை.

அதற்காக நான்கு முதல் சீடுகளையும் ஃபைனல் ஃபோரில் அடுக்கிவிட்டு வந்துவிடாதீர்கள். அந்த 40 ஆண்டில் அது நடந்தது இரண்டே முறை, 2008இலும் 2025இலும். 2025இல் ஃப்ளோரிடா, ஆபர்ன், ஹூஸ்டன், டியூக் என நான்கு முதல் சீடுகளும் வந்து, கடைசியில் ஃப்ளோரிடா ஹூஸ்டனை 65-63 என்று வென்றது. 2011இல் நேர் எதிர். முதல் சீடும் இல்லை, இரண்டாம் சீடும் இல்லை. நான் பொதுவாக இரண்டு முதல் சீடு, ஒரு இரண்டோ மூன்றோ, அப்புறம் மனசுக்குப் பட்ட ஒன்று என்று எழுதுவேன்.

பூலில் எத்தனை பேர் என்பதும் முக்கியம். பத்துப் பேர் என்றால் எல்லோரும் சொல்லும் பலமான அணியையே சொல்லுங்கள், சின்ன இடங்களில் முந்திக்கொள்ளலாம். இருநூறு பேர் என்றால், நாற்பது பேர் எடுத்திருக்கும் சாம்பியனை நீங்களும் எடுத்தால், அது ஜெயித்தாலும் அந்த நாற்பது பேரோடு மோத வேண்டும். அங்கே ஏறக்குறைய அதே பலம் உள்ள, ஆனால் ஆள் சீந்தாத இன்னொரு முதல் சீடை எடுப்பதுதான் புத்திசாலித்தனம். எங்கள் ஊரில் இது சுலபம். டியூக் கல்லூரிக்காரர்கள் டியூக்கையும், சாப்பல் ஹில்காரர்கள் நார்த் கரோலினாவையும் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவார்கள். நம்மைப் போல ஊர்ப் பாசம் இல்லாதவர்களுக்கு அதுவே லாபம்.

படி 5: புள்ளிகளைப் பார்க்காதீர்கள், ரன் ரேட்டைப் பாருங்கள்

ஒரு அணி ஆட்டத்துக்குச் சராசரி 85 புள்ளி எடுக்கிறது, இன்னொன்று 68. எது நல்ல அணி? கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவருக்கு உடனே அடுத்த கேள்வி வரும்: எத்தனை ஓவரில்?

கூடைப்பந்தில் ஓவருக்குப் பதில் 'பொசெஷன்', அதாவது பந்து கைக்கு வரும் தடவைகள். ஓடி ஓடி ஆடும் அணிக்குத் தடவை அதிகம், புள்ளியும் அதிகம். நிதானமாக ஆடும் அணிக்கு இரண்டும் குறைவு. அதனால் 100 பொசெஷனுக்கு எத்தனை புள்ளி எடுத்தார்கள், எத்தனை கொடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும். எதிரணியின் பலத்தையும் சேர்த்து இதைக் கணக்கிட்டுத் தருவது கென் பாமராய் என்பவரின் 'கென்பாம்' பட்டியல். மனிதர் முன்பு வானிலை ஆய்வாளராக இருந்தவர். மழை வருமா என்று சொல்லிப் பழகியவருக்கு இந்த வேலை பொருத்தம்தான்.

என் வழி இதுதான். கென்பாமில் தாக்குதல் வரிசையிலும் தடுப்பு வரிசையிலும் முன்னால் இருக்கும் அணிகளை மட்டும் ஒரு சீட்டில் எழுதிக்கொள்வேன். பெரும்பாலான வருடங்களில் பத்துக்குள் முடிந்துவிடும். சாம்பியனை அந்தச் சீட்டுக்குள்தான் தேடுவேன். தாக்குதலில் மூன்றாவது, தடுப்பில் தொண்ணூறாவது என்று ஒற்றைக்காலில் நிற்கும் அணி நான்கு ஆட்டம் தாண்டினால் அதிசயம்.

தேர்வுக் குழு பார்ப்பது 'நெட்' என்ற இன்னொரு பட்டியலை. 2018-19 சீசனில் வந்தது. சீடு எண்ணுக்கும் கென்பாம் இடத்துக்கும் பெரிய இடைவெளி தெரிந்தால் அங்கே நின்று பாருங்கள். கணிப்புக்குச் சரக்கு கிடைப்பது அந்த இடைவெளியில்தான். 10ஆம் சீடு அணி கென்பாமில் 7ஆம் சீடைவிட மேலே இருந்தால், அதை எடுப்பதை அதிர்ச்சி முடிவு என்றே சொல்ல முடியாது.

படி 6: அப்செட்டை மலிவான இடத்தில் வாங்குங்கள்

அப்செட், அதாவது சின்ன அணி பெரிய அணியைக் கவிழ்ப்பது, இல்லாத மார்ச் இல்லை. அதைச் சொல்லாமல் இருக்கவும் மனசு கேட்காது. எங்கே சொல்வது?

8-க்கும் 9-க்கும் இடையில் நாணயம் சுண்டலாம். 12ஆம் சீடு 5ஆம் சீடை நூற்றுக்கு 35 தடவை வாக்கில் வீழ்த்தியிருக்கிறது. நான்கு ஆட்டத்தில் ஒன்றாவது அப்படிப் போகாத வருடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். 2025இல் இரண்டு போனது: மெக்னீஸ் கிளெம்சனையும், கொலராடோ ஸ்டேட் மெம்ஃபிஸையும் வென்றன. 13ஆம் சீடுக்கு நூற்றுக்கு 20 வாக்கில், 14க்கு 15 வாக்கில். 15ஆம் சீடு வென்றது 2025 வரை மொத்தம் 11 முறை. 16ஆம் சீடு 160 ஆட்டத்தில் இரண்டே முறை: யூ.எம்.பி.சி., அப்புறம் 2023இல் பர்டூவை 63-58 என்று வீழ்த்திய ஃபேர்லி டிக்கின்சன்.

12ஆம் சீடு ஒன்று அல்லது இரண்டு, 11ஆம் சீடு ஒன்று, 13ஆம் சீடு ஆசைக்கு ஒன்று. 15, 16 பக்கம் போகவே வேண்டாம். அது நடந்தால் பூலில் எல்லோரும் சேர்ந்துதான் விழுவோம்.

முக்கியமான நுணுக்கம் ஒன்று. எந்த ஆட்டத்தில் அப்செட் எழுதுகிறீர்களோ, அங்கே ஜெயிப்பவர் அடுத்த சுற்றில் எப்படியும் தோற்பார் என்று நீங்கள் நம்பும் இடமாகப் பாருங்கள். 5-க்கும் 12-க்கும் நடக்கும் சண்டையில் ஜெயிப்பவர் அடுத்ததாகப் பலமான 4ஆம் சீடைச் சந்திக்கப் போகிறார் என்றால், உங்கள் 12 தோற்றாலும் போவது ஒரு புள்ளிதான். அதே நேரம் 3ஆம் சீடு ஒன்று ஃபைனல் ஃபோர் வரை போகக்கூடும் என்று நினைத்தால், முதல் சுற்றில் அதை வெட்டி வீரம் காட்டாதீர்கள்.

பலமான அணியைக் கவிழ்க்கும் சின்ன அணிக்கு இரண்டு அடையாளம் உண்டு. ஒன்று, தூரத்திலிருந்து எறியும் மூன்று புள்ளி வீச்சை நிறைய முயலும். விழும் நாளில் யாரும் தடுக்க முடியாது. 2024இல் ஓக்லண்ட் என்ற அணி கென்டக்கியை 80-76 என்று அனுப்பியபோது ஜாக் கோல்கி என்ற ஒரே ஆள் பத்து மூன்று புள்ளி வீச்சுகளைப் போட்டார். இரண்டு, ஆட்டத்தை மெதுவாக நகர்த்தும். பொசெஷன் குறையக் குறைய அதிர்ஷ்டத்தின் கை ஓங்கும். ஐம்பது ஓவர் ஆட்டத்தைப் பத்து ஓவராகக் குறைத்தால் சின்ன அணிக்குத்தானே கொண்டாட்டம்?

இதையே திருப்பிப் பாருங்கள். பெரிய அணியே மெதுவாக ஆடினால்? 2018 வர்ஜீனியா நாட்டிலேயே மிக மெதுவாக ஆடிய அணிகளில் ஒன்று. தடுப்பாட்டத்தில் அதை மிஞ்ச ஆளில்லை என்றார்கள். ஆனால் இடைவேளையில் 21-21. அத்தனை குறைவான தடவைகளில் பின்தங்கிவிட்டால் எட்டிப் பிடிக்க நேரம் கிடையாது. எனக்கு அந்த வருடம் இது எதுவும் தெரியாது. அதைவிட முக்கியமான இன்னொன்றும் தெரியாது.

படி 7: புதன் இரவு காயச் செய்தி பாருங்கள்

அந்த இன்னொன்று இதுதான். ஞாயிறு அணிகளை அறிவித்தார்கள். செவ்வாய்க்கிழமை வர்ஜீனியாவின் டிஆண்ட்ரே ஹண்டருக்கு மணிக்கட்டு முறிவு, இனி ஆடமாட்டார் என்று செய்தி வந்தது. நான் திங்கட்கிழமையே நிரப்பிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். ஹண்டர் மறு வருடம் திரும்பி வந்தார். 2019 இறுதி ஆட்டத்தில் 27 புள்ளி எடுத்தார், வர்ஜீனியா கோப்பை வாங்கியது. நானோ சூடு கண்ட பூனையாக அந்த வருடம் வர்ஜீனியாவை இரண்டாம் சுற்றிலேயே வெட்டியிருந்தேன். போன வருடத்துக் கோபத்தைத் தாளில் கொண்டுவராதீர்கள் என்று சொல்ல எனக்குத் தகுதி உண்டு.

பெண்கள் போட்டியிலும் இதே பாடம் இருபது வருடம் முன்பே நடந்திருக்கிறது. 1998இல் 16ஆம் சீடு ஹார்வர்ட் முதல் சீடு ஸ்டான்ஃபோர்டை அவர்கள் அரங்கிலேயே வென்றது. ஆட்டத்துக்குச் சற்று முன்புதான் ஸ்டான்ஃபோர்டின் இரண்டு முக்கிய வீராங்கனைகள் முழங்கால் காயத்தால் விலகியிருந்தார்கள்.

பெண்கள் தாளையும் கண்டிப்பாக நிரப்புங்கள். 2024 இறுதி ஆட்டத்தைப் பார்த்தவர்கள் ஆண்கள் இறுதி ஆட்டத்தைவிட அதிகம். அங்கே பலமான அணிகள் சறுக்குவது குறைவு. அதனால் அப்செட்டைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். யூகான் 2025இல் வாங்கியது 12ஆவது கோப்பை.

படி 8: மேசை மரியாதை

எங்கள் பகுதியில் டியூக்கும் நார்த் கரோலினாவும் பத்து மைல் தூரத்தில் இருக்கின்றன. ஒன்று அடர் நீலம், ஒன்று வான நீலம். மார்ச்சில் எந்த நீலச் சட்டை போடுகிறோம் என்பதே அறிக்கைதான். 2022 ஃபைனல் ஃபோரில் இரண்டும் மோதின. அந்தப் பெரிய போட்டியில் அதுவே முதல் சந்திப்பு, டியூக்கின் பயிற்சியாளர் மைக் ஷஷெவ்ஸ்கிக்கு அதுவே கடைசி ஆட்டம். நார்த் கரோலினா 81-77 என்று வென்றது. டியூக்காரரிடம் இந்த எண்களைச் சொல்லாதீர்கள். எத்தனை வருடம் ஆனாலும் சொல்லாதீர்கள்.

ராலேயில் உள்ள என்.சி. ஸ்டேட் சிவப்பு. மற்ற இருவருக்கும் நடுவில் கடைசிப் பிள்ளை மாதிரி. 2024இல் அவர்கள் கான்ஃபரன்ஸ் கோப்பையை ஐந்து நாளில் ஐந்து ஆட்டம் ஜெயித்து வாங்கினார்கள். வாங்கியிருக்காவிட்டால் பெரிய போட்டிக்குள்ளேயே வந்திருக்க மாட்டார்கள். பிறகு 11ஆம் சீடாக வந்து டியூக்கையும் வீழ்த்தி ஃபைனல் ஃபோர் போனார்கள். எந்தக் கணிப்பு முறையும் இதைச் சொல்லவில்லை. சொன்னவர் ஒருவர் எங்கள் அலுவலகத்தில் இருந்தார், அவர் ஒவ்வொரு வருடமும் அதையேதான் சொல்வார்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் மாநிலத்தில் 2024 மார்ச் முதல் கைபேசியில் பந்தயம் சட்டப்படி செல்லும். விளம்பரம் துரத்தும். எங்கள் பூலில் தோற்றவர்கள் சேர்ந்து ஜெயித்தவருக்குப் பிரியாணி வாங்கித் தருகிறோம், அத்தோடு சரி. உங்களுக்கும் அதையே சொல்வேன்.

படி 9: ஏப்ரலில் பேச்சு மாறும், நட்சத்திரங்களை எண்ணப் பழகுங்கள்

கூடைப்பந்து இறுதி ஆட்டம் முடிந்த மறுநாள் அதே மேசையில் ஃபுட்பால். நம் கால்பந்து இல்லை, ஹெல்மெட் போட்ட அமெரிக்க ஃபுட்பால். சீசன் ஆகஸ்ட் கடைசியில்தான் தொடங்கும். அதுவரை பேச என்ன இருக்கிறது? அடுத்து யார் வருகிறார்கள் என்பதுதான்.

பள்ளி வீரர்களுக்கு 247ஸ்போர்ட்ஸ், ரைவல்ஸ் போன்ற நிறுவனங்கள் இரண்டு முதல் ஐந்து வரை நட்சத்திரம் தருகின்றன. ஐந்து நட்சத்திரக்காரர்கள் நாடு முழுக்க முப்பது பேர் வாக்கில்தான். டிசம்பரில் பெரும்பாலோர் எந்தக் கல்லூரி என்று கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.

நட்சத்திரத்தை நம்பலாமா? கூட்டமாகப் பார்த்தால் நம்பலாம், தனி ஆளாகப் பார்த்தால் கவனம். பல வருடங்களாக ஒரு பேச்சுவழக்குக் கணக்கு உண்டு: நான்கு வருடச் சேர்க்கையில் பாதிக்கு மேல் நான்கு, ஐந்து நட்சத்திரக்காரர்கள் இருந்தால்தான் தேசியக் கோப்பை. ஆனால் தனித்தனியாக எடுத்தால் கதை வேறு. பெரிய ஃபுட்பால் நட்சத்திரமான ஜோஷ் ஆலனுக்குப் பள்ளி முடிந்ததும் பெரிய கல்லூரி ஒன்றுகூட இடம் தரவில்லை. ஒரு சமுதாயக் கல்லூரியில் ஆடி, வயோமிங் போய், 2018 என்.எஃப்.எல். (தொழில்முறை லீக்) டிராஃப்டில், அதாவது அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாக எடுக்கும் தேர்வில், ஏழாவது ஆளாகப் போனார். 2025இல் முதல் ஆளாகப் போன கேம் வார்ட் தொடங்கியது இன்கார்னேட் வர்ட் என்ற சின்னக் கல்லூரியில்.

படி 10: போர்ட்டலைப் புரிந்துகொள்ளாமல் வாய் திறக்காதீர்கள்

இன்று ஃபுட்பால் பேச்சில் பாதி இதுதான். 2018 அக்டோபரில் வந்தது ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல். கல்லூரி மாற நினைக்கும் வீரர் பெயரை அதில் போட்டுவிடலாம். 2021 முதல், மாறிய வருடமே ஆடலாம் என்றானது. அதே 2021 ஜூலையில் வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று விட்டார்கள். 2025 ஜூலை முதல் கல்லூரிகளே நேரடியாகப் பணம் தரலாம், முதல் வருட உச்சவரம்பு 2 கோடியே 5 லட்சம் டாலர். ஐ.பி.எல். ஏலம் தெரிந்தவர்களுக்கு இதன் வாசனை சட்டெனப் பிடிபடும்.

போர்ட்டல் அணியை எப்படி எடை போடுவது? ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு அணிகளைக் காட்டுகிறேன்.

முதலில் இண்டியானா. எஃப்.பி.எஸ். என்ற மேல்தட்டில் அதிகத் தோல்வி கண்ட கல்லூரி என்று பெயர் வாங்கியிருந்தது. 2023இல் 3 வெற்றி, 9 தோல்வி. அடுத்த வருடம் கர்ட் சிக்னெட்டி என்ற பயிற்சியாளர் வந்தார். தான் முன்பு இருந்த ஜேம்ஸ் மேடிசன் கல்லூரியிலிருந்து ஒரு டஜனுக்கும் மேற்பட்ட வீரர்களைக் கையோடு கூட்டிவந்தார். நட்சத்திரம் குறைவு, ஆனால் ஆடிப் பழகியவர்கள், அவர் முறை தெரிந்தவர்கள். 2025இல் கலிஃபோர்னியா கல்லூரியிலிருந்து குவாட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் ஆள்) ஃபெர்னாண்டோ மெண்டோசா வந்து சேர்ந்தார், சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கினார். 2026 ஜனவரி 19 அன்று மயாமியை 27-21 என்று வென்று, 16 ஆட்டத்தில் தோல்வியே இல்லாமல் கோப்பை. பாதிக்கு மேல் நட்சத்திரம் வேண்டும் என்ற கணக்கும் அன்றோடு உடைந்தது.

அடுத்து எங்கள் ஊர் நார்த் கரோலினா. என்.எஃப்.எல்.லில் தலைமைப் பயிற்சியாளராக ஆறு சூப்பர் பௌல் (அந்த லீக்கின் இறுதி ஆட்டம்) வென்ற பில் பெலிச்சிக் 2024 டிசம்பரில் வந்தார். அணியில் பாதிக்கு மேல் புது முகங்கள். 2025 முதல் ஆட்டத்தில் டி.சி.யூ.விடம் 48-14 என்று தோல்வி, சீசன் முடிவில் 4 வெற்றி, 8 தோல்வி. அன்று மைதானத்துக்குப் போன நண்பர்கள் இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்திலேயே கார் நிறுத்துமிடத்தில் இருந்தார்கள்.

இரண்டு பேரும் போர்ட்டலில்தான் ஆள் எடுத்தார்கள். ஆகவே எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணாதீர்கள். இந்த மூன்றைக் கேளுங்கள்: வந்தவர்கள் முன்பு எத்தனை ஆட்டம் முழுதாக ஆடியிருக்கிறார்கள்? பயிற்சியாளரின் முறையை ஏற்கெனவே அறிந்தவர்கள் அதில் எத்தனை பேர்? குவாட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசை ஐந்து பேரில் பழைய ஆட்கள் எத்தனை பேர்? மூன்றாவது கேள்வியை மேசையில் கேட்டுப் பாருங்கள், உங்களைப் பார்க்கும் பார்வையே மாறும்.

படி 11: ஆகஸ்ட்டில் எழுதி வையுங்கள்

சீசனுக்கு முந்தைய தரவரிசை என்பது ஜாதகப் பொருத்தம் மாதிரி, பார்க்காமலும் இருக்க முடியாது, அப்படியே நம்பவும் முடியாது. 2025இல் டெக்சஸ் முதலிடத்தில் தொடங்கியது. ஐந்து நட்சத்திரம், குவாட்டர்பேக்குகளுக்குப் பேர்போன மேனிங் குடும்பத்துப் பிள்ளை ஆர்ச் மேனிங்தான் குவாட்டர்பேக். முதல் ஆட்டத்திலேயே ஓஹாயோ ஸ்டேட்டிடம் 14-7 என்று தோற்றது, பிளேஆஃபுக்குள் வரவில்லை. டிராஃப்ட் கணிப்பும் அப்படித்தான். 2025இல் ஷெடூர் சாண்டர்ஸ் முதல் சுற்றில் போவார் என்று பலர் எழுதினார்கள், போனது ஐந்தாம் சுற்றில், 144ஆவது ஆளாக.

எனவே ஆகஸ்ட் கடைசியில் எங்கள் மேசையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஆளுக்கு ஒரு சீட்டில் சாம்பியன் பெயர், நான்கு அணிகளின் வெற்றி எண்ணிக்கை, ஏமாற்றப் போகும் அணி ஒன்று என எழுதிக் கவரில் போட்டு ஒட்டிவிடுவோம். ஜனவரியில் இறுதி ஆட்டம் முடிந்த மறுநாள் பிரிப்போம். எழுதி வைக்காவிட்டால் "நான் அப்பவே சொன்னேனே" என்று ஆளாளுக்குக் கிளம்பிவிடுவார்கள்.

2026 ஜனவரி 20 அன்று என் சீட்டைப் பிரித்தோம். சாம்பியன்: டெக்சஸ். இண்டியானா: 8 வெற்றி. ஏமாற்றப் போகும் அணி என்ற இடத்திலும் இண்டியானாவே. மதுரைக்கார அண்ணன் சீட்டை வாங்கி இரண்டு முறை படித்துப் பார்த்தார். "வர்ஜீனியாவ போட்ட அதே கையெழுத்துதாம்பா" என்று சொல்லிவிட்டு பிரியாணி எண்ணிக்கையைக் கேட்கப் போய்விட்டார்.